கூடு அதே, குடியிருக்கும் ஆள் வேறு: பி12-இல் கோபால்ட்டை மாற்றினால் என்ன ஆகும்?

கேள்வி இது: "வைட்டமின் பி12-இன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது என்று படித்தேன். அதை எடுத்துவிட்டு நிக்கல், துத்தநாகம் என்று வேறு உலோகத்தை வைக்க முடியுமா? வைத்தால் அது வைட்டமினாக வேலை செய்யுமா? செய்யாது என்றால் ஏன் மெனக்கெட்டு அதைச் செய்கிறார்கள்?"

முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். வைக்க முடியும், வைத்தும் இருக்கிறார்கள். வைட்டமினாக அது வேலை செய்யாது. மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன். மருந்துச் சீட்டில் சயனோகோபாலமின், மெத்தில்கோபாலமின், ஹைட்ராக்சோகோபாலமின் என்று பார்ப்பீர்கள். இவை எல்லாவற்றிலும் உலோகம் கோபால்ட்தான். அதன் தலைக்கு மேல் ஒட்டியிருக்கும் சிறு குழு மட்டுமே வேறு. உடலுக்குள் போனதும் அந்தக் குழுவைக் கழற்றி எறிந்துவிட்டு, தனக்கு வேண்டியதை உடலே மாட்டிக்கொள்ளும். ஸ்பைருலினாவில் பெரும்பகுதி "போலி பி12" என்கிறார்களே, அதிலும் உலோகம் மாறவில்லை. கீழ்ப்பக்கத்துத் துண்டுதான் வேறு. நீங்கள் கேட்பது இவற்றைவிட ஆழமான மாற்றம். அது பி12-இல் மட்டுமே சாத்தியம், ஏனென்றால் உலோக அணுவைத் தன் உடம்பிலேயே கொண்ட வைட்டமின் வேறு கிடையாது.

சயனோகோபாலமின் மூலக்கூறு ஒன்றில் 181 அணுக்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கோபால்ட். அதைச் சுற்றி கொரின் என்ற வளையம். வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் கோபால்ட்டை நாலாபுறமும் பிடித்திருக்கின்றன. வளையத்தின் ஓரத்திலிருந்து ஒரு நீண்ட வால் கீழே வளைந்து வந்து, தன் நுனியிலுள்ள நைட்ரஜனால் கோபால்ட்டை அடியிலிருந்தும் பிடித்துக்கொள்கிறது. மேல்பக்கம் சயனைடோ, மெத்திலோ, அடினோசிலோ இருக்கும். இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியலால் வெளிக்கொண்டுவந்தவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

கொரினுக்கு இரண்டு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தின் ஹீம், இலையின் பச்சையம். ஒன்றில் இரும்பு, மற்றதில் மக்னீசியம். பச்சையத்தில் உலோகத்தை மாற்றுவது வெகு எளிது. இலையைக் கொஞ்சம் அமிலம் சேர்த்து வேகவைத்தாலே மக்னீசியம் கழன்றுவிடும், பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பேறும். காலியான இடத்தில் தாமிரத்தை வைத்தால் பச்சை திரும்பி வரும். அது எளிதில் போகவும் போகாது. உணவு நிறமியாக விற்கப்படும் தாமிர குளோரோபிலின் இப்படிச் செய்யப்படுவதுதான். ஹீமில் இந்த மாற்றத்தை நம் உடலே சில சமயம் செய்துவிடுகிறது. இரும்புச்சத்து போதாதபோதும், ஈயம் உடலில் ஏறியபோதும், இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துவிடும். ரத்தத்தில் அந்தத் துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரினை அளந்து பார்ப்பது ஒரு பழைய பரிசோதனை.

சித்தப்பா, பெரியப்பா வீட்டில் இவ்வளவு சுலபமாக நடப்பது பி12-இல் நடக்காது. கோபால்ட்டைக் கொரின் பிடித்திருக்கும் பிடி அப்படி. அமிலத்தில் போட்டுப் பாருங்கள், காரத்தில் போட்டுப் பாருங்கள்: வால் அறும், ஓரக்கிளைகள் உதிரும், கோபால்ட் மட்டும் அசையாது. அதை வெளியே இழுக்கும் அளவுக்கு முரட்டுத்தனம் காட்டினால் வளையமே சிதைந்துவிடும். அதனால் "எடுத்துவிட்டு வைப்பது" என்று நீங்கள் கேட்டது நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. கோபால்ட் உள்ளே நுழைவதற்கு முன்பே, காலியான வளையம் கைக்குக் கிடைக்க வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனமில்லை. ஹார்வர்டில் உட்வர்டும் சூரிச்சில் எஷென்மோசரும் ஏறத்தாழ நூறு ஆய்வாளர்களோடு பல ஆண்டுகள் உழைத்து, 1972-இல் பி12-இன் முழுமையான வேதித்தொகுப்பை முடித்தார்கள். அதில் சூரிச் குழு கண்டுபிடித்த ஒரு வழி, வளையத்தின் கடைசி இணைப்பை ஒளியைப் பாய்ச்சி மூடுவது. கோபால்ட் உள்ளே இருந்தால் இது நடக்காது. உறிஞ்சிய ஒளியாற்றலைக் கோபால்ட் நொடியில் வேறு வழியில் கரைத்துவிடும்; வளையம் மூட ஆற்றல் மிஞ்சாது. துத்தநாகம், மக்னீசியம் போன்றவற்றோடு நடந்தது, காட்மியத்தோடு எல்லாவற்றையும்விட நன்றாக நடந்தது. ஆகவே முதலில் காட்மியத்தை உட்காரவைத்து, ஒளியால் வளையத்தை மூடி, பிறகு அமிலத்தால் காட்மியத்தை வெளியேற்றி, கடைசியில் கோபால்ட்டைக் குடியேற்றினார்கள். கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம் மாதிரி காட்மியம் வந்து போனது. கவனியுங்கள்: காட்மியம் அமிலத்துக்கு இணங்கி வெளியே வந்தது. கோபால்ட் வந்திருக்காது.

காலி வளையத்துக்கு வேறொரு வழி பாக்டீரியா. பி12-ஐச் செய்யத் தெரிந்தவை சில பாக்டீரியாக்களும், அவற்றைப் போன்ற வேறொரு நுண்ணுயிர் வகையான ஆர்க்கியாக்களும் மட்டுமே; செடிக்கும் தெரியாது, விலங்குக்கும் தெரியாது. 1965-இல் டூஹி என்பவர், குரோமேஷியம் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் கோபால்ட்டே இல்லாத கொரின்கள் இருப்பதைக் காட்டினார். அந்தக் காலி வளையங்களை எடுத்துக்கொண்டு, 1970-களின் முற்பகுதியில் கோப்பன்ஹாகனும் ஃபிஃப்னரும் தாமிரம், துத்தநாகம், ரோடியம் ஆகியவற்றை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். உலோகத்தின் பெயரோடு "பாலமின்" சேர்த்து அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்தது. கோபால்ட் உள்ளது கோபாலமின், ரோடியம் உள்ளது ரோடிபாலமின், துத்தநாகம் உள்ளது ஜிங்கோபாலமின்.

ஆனால் பாக்டீரியாவில் இயல்பாகக் கிடைத்த காலி வளையம் கொஞ்சமே. விஷயம் மறுபடி சூடு பிடித்தது மரபணுப் பொறியியல் கைவந்த பிறகுதான். பி12-ஐக் கட்டுவதில் பாக்டீரியாக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆக்சிஜன் வேண்டாத வழியில் கோபால்ட் ஆரம்பத்திலேயே உள்ளே போய்விடுகிறது, மிச்ச வளையம் அதைச் சுற்றிக் கட்டப்படுகிறது. ஆக்சிஜன் வேண்டும் வழியில் வளையம் ஏறக்குறைய முழுவதும் முடிந்த பிறகே, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து, ஒரு நொதி கோபால்ட்டைத் திணிக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது வழி. அதன் மரபணுக்களை, தானாகப் பி12 செய்யத் தெரியாத ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வரிசையாகப் புகுத்தி, கோபால்ட்டைத் திணிக்கும் நொதியை மட்டும் கொடுக்காமல் விட்டால்? வேலை அந்தக் கட்டத்தைத் தாண்டும்போது வளையம் காலியாகவே இருக்கும். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் வாரன் குழுவும், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர் குழுவும் சேர்ந்து இந்தப் பாதையைத்தான் பிடித்தன. அப்படிக் கிடைத்த ஹைட்ரஜனோபைரிக் அமிலம் என்ற காலி வளையம் பற்றி 2019-இல் எழுதினார்கள். அதற்குள் உலோகத்தை வைத்து, வாலையும் வேதிமுறையில் ஒட்டினால் முழு மாற்றுரு தயார்.

இனி ஒவ்வொரு உலோகமாகப் பார்க்கலாம். அதற்குக் கோபால்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றவை எங்கே தோற்கின்றன என்று புரியும்.

மனித உடலில் பி12-ஐ நம்பி இரண்டே நொதிகள் இருக்கின்றன. மெத்தியோனின் சிந்தேஸ் என்பதில் கோபால்ட் ஒரு மெத்தில் குழுவை ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிறது. கொடுத்த கையோடு அது +1 நிலைக்கு இறங்குகிறது (உலோகம் எத்தனை எலக்ட்ரான்களை இழந்த கணக்கில் இருக்கிறது என்பதே இந்த எண்). மறுபடி மெத்திலை வாங்கியதும் +3-க்கு ஏறுகிறது. மற்ற நொதியான மெத்தில்மலோனில்-கோஏ மியூட்டேஸில் நடப்பது வேறு. அங்கே கோபால்ட்டுக்கும் அடினோசில் குழுவின் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு நடுவில் பிளந்து, ஆளுக்கொரு எலக்ட்ரானோடு பிரிகிறது. கோபால்ட் +2 ஆகிறது; பிரிந்த கார்பன் தனி எலக்ட்ரானோடு, எதையும் பிடுங்கத் தயாராக நிற்கிறது. அந்த வெறியில்தான் சாதாரணமாக அசையாத ஒரு ஹைட்ரஜன் அணுவை அது பிடுங்கி எடுக்கிறது. அந்தப் பிணைப்பின் வலிமை மோலுக்குச் சுமார் 30 கிலோகலோரி. வழக்கமான கார்பன்-கார்பன் பிணைப்பு 80-க்கு மேல். தானாக உடைந்துபோகாத அளவுக்கு உறுதி, நொதி தொட்டதும் பிளக்கும் அளவுக்குத் தளர்ச்சி. நொதியின் பிடிக்குள் அது பிளக்கும் வேகம் ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு கூடுகிறது.

ஆக வேலைக்கு வேண்டியவை இரண்டு: மூன்று நிலைகளுக்கிடையே தயங்காமல் ஏறி இறங்கும் உலோகம், கார்பனோடு அளவான உறவு.

ரோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனிம அட்டவணையில் கோபால்ட்டுக்கு நேர் கீழே இருப்பது. எலக்ட்ரான் அமைப்பில் உடன்பிறப்பு, அளவில் கொஞ்சம் பெரியது. பார்வைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் மாறாட்டம் இல்லை. 2016-இல் வாரன், கிராய்ட்லர் குழுக்கள் அடினோசில்ரோடிபாலமினைத் தொகுத்துப் பார்த்தன. கரைசலில் அதன் வடிவம் அசல் துணைநொதியை, அதாவது அடினோசில் குழு மாட்டிய கோபால்ட் பி12-ஐ, ஒத்திருந்தது. ஆனால் மெத்தியோனின் சிந்தேஸை நம்பி வளரும் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தபோது அது எந்த வேலையும் செய்யவில்லை. அடினோசில் வகையை நம்பும் டையால் டீஹைட்ரட்டேஸ் என்ற நொதியில் அது வேலை செய்யாததோடு, அசலுக்கும் வழிவிடாமல் தடுப்பானாக உட்கார்ந்துகொண்டது. ரோடியம்-கார்பன் பிணைப்பு கோபால்ட்-கார்பனைவிட வலுவானது. பிளக்க வேண்டிய இடத்தில் பிளக்காது.

இதில் என்னைக் கட்டிப்போட்டது வேறொரு விவரம். படிக அமைப்பைப் பார்த்தபோது, கொரின் வளையம் கோபால்ட்டைவிட ரோடியத்துக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. அதாவது வளையத்தின் குழி கோபால்ட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது அல்ல! இத்தனைக்கும் ரோடியம் பூமியின் மேலோட்டில் மிக அரிதான உலோகம், உயிர்களில் அதற்கு ஒரு வேலையும் தெரியவில்லை. பாடப்புத்தகப் பழக்கத்தில் "கோபால்ட்டுக்கென்றே பரிணாமம் செதுக்கிய வளையம்" என்று எழுதிக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2019-இல் வந்த காலி வளையத்தின் படிகம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. குழி சமச்சீரான வட்டம் இல்லை. முறுக்கிய சுருள் போலக் கோணலாக இருக்கிறது. அதற்குள் அகப்பட்ட கோபால்ட் நிம்மதியாக உட்கார முடியாமல் இறுக்கத்தில் இருக்கிறது. நாணேற்றி வைத்த வில் மாதிரி. இப்படி வேலைக்கு முன்பே இழுத்துப் பிடிக்கப்பட்ட உலோக நிலைக்கு 1968-இல் வாலியும் வில்லியம்ஸும் "என்டாட்டிக் நிலை" என்று பெயர் வைத்திருந்தார்கள். புரதங்களுக்காகச் சொல்லப்பட்ட கருத்து அது. பி12-இல் அந்த இழுப்பை வளையமே செய்கிறது. நன்றாகப் பொருந்திய ரோடியம் செயலற்றுக் கிடப்பதும், பொருந்தாத கோபால்ட் துடிப்போடு வேலை செய்வதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள் என்றே நான் வாசிக்கிறேன். பிணைப்பின் வலிமையும் சேர்ந்துதான். ஆனால் இந்தப் பொருத்தக்குறைவை ஓரமாக ஒதுக்கிவிட முடியாது. ஆளை மாற்றிப் பார்த்திருக்காவிட்டால் இது கண்ணில் பட்டே இருக்காது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

துத்தநாகத்தின் கதை வேறு. அதற்கு +2 தவிர வேறு நிலைக்குப் போகப் பிடிக்காது. ஏற்ற இறக்கமே கிடையாது, ஆகவே நொதி வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் ஜிங்கோபாலமினின் வடிவம், கோபால்ட் +2 நிலையில் இருக்கும் பி12-ஐ ஒத்திருக்கிறது. கூடவே, அது ஒளிர்கிறது. கோபால்ட் ஒளியாற்றலைக் கரைத்துவிடுகிறது என்று சூரிச் கதையில் சொன்னேனே, துத்தநாகம் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே கொரின் வளையம் ஒளியை வாங்கி என்ன செய்கிறது என்பதை முதன்முறையாக நிதானமாகப் பார்க்க முடிந்தது. வால் இல்லாத ஜிங்கோபைரிக் அமிலம், ஒளியை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதைத் தீவிர வினைபுரியும் சிங்கிளெட் ஆக்சிஜனாக மாற்றுகிறது. அதன் திறன் 0.70, அதாவது உறிஞ்சிய 100 ஒளித்துகளுக்குச் சுமார் 70. இந்தக் குணத்தால் என்ன பயன் என்று கேட்டால், பச்சையத்தின் உறவினரைப் பாருங்கள். பாக்டீரியப் பச்சையத்தில் மக்னீசியத்தை எடுத்துவிட்டுப் பல்லேடியத்தை வைத்துச் செய்த பாடெலிபார்ஃபின் என்ற மருந்துக்கு, புராஸ்டேட் புற்றுநோயின் ஆரம்ப நிலைக்கான ஒளி சிகிச்சையில் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. ஜிங்கோபாலமின் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

நிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். +2 நிலை நிக்கலும் +1 நிலை கோபால்ட்டும் எலக்ட்ரான் எண்ணிக்கையில் சமம். அந்த +1 கோபால்ட், காற்றுப் பட்டாலே மாறிவிடும் சாம்பல்பச்சை நிற அவசரக்காரன். அதைப் படிகமாக்கி நிறுத்திப் பார்ப்பது பெரும்பாடு. 2020-இல் செய்த நிபாலமின், அந்த அவசரக்காரனின் அசையாத சிலை மாதிரி. நிக்கல் வளையத்தின் நான்கு நைட்ரஜன்களோடு திருப்தியாகிவிடுகிறது. கீழே வாலையும் பிடிப்பதில்லை, மேலே எதையும் மாட்டிக்கொள்வதில்லை.

இப்போது பயன் பக்கம். உடலிலும் பாக்டீரியாவிலும் பி12-ஐ வழியெங்கும் கைமாற்றிக் கொடுக்கும் புரதங்கள் பல. நம் குடலில் மட்டும் ஹாப்டோகொரின், உள்ளார்ந்த காரணி என்று வரிசையாக வரும், ரத்தத்தில் டிரான்ஸ்கோபாலமின். இவை பெரும்பாலும் மூலக்கூறின் ஓரங்களையும் வாலையும் தடவிப் பார்த்தே அடையாளம் காண்கின்றன. நடுவில் இருப்பவர் யார் என்று நெருக்கி விசாரிப்பது கடைசியில், நொதியின் கையில்தான். வாசல் காவலரை ஏமாற்றி உள்ளே போய், இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வேலையும் செய்யாமல் எழுந்தும் போகாமல் இருக்கும் ஆள், நொதிக்குப் பெரிய தலைவலி. இப்படிப்பட்டவற்றை "ஆன்டிவைட்டமின்" என்கிறார்கள். உலோகத்தை மாற்றாமலும் இதைச் செய்யலாம்: கோபால்ட்டின் மேல் உடல் கழற்ற முடியாத ஒரு எத்தில்ஃபீனைல் குழுவை மாட்டிய கோபாலமினைக் கொடுத்து, எலிகளுக்குப் பி12 குறைபாட்டை வரவழைத்துக் காட்டியது 2013 ஆய்வு. உணவில் பி12-ஐ நிறுத்திவிட்டுக் குறைபாட்டுக்காகக் காத்திருப்பது வெகுகாலம் பிடிக்கும், ஏனென்றால் சேமிப்பு மெல்லத்தான் கரையும். மனிதரில் கையிருப்பு 2 முதல் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு வேண்டியதோ 2.4 மைக்ரோகிராம். ஆகவே குறைபாடு எப்படித் தொடங்குகிறது என்று ஆராய ஆன்டிவைட்டமின் நல்ல கருவி. வெளியிலிருந்து பி12 வாங்கித் தின்று வாழும் நோய்க்கிருமிகளுக்கு எதிராக இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. அதே போலி நம் செல்களுக்குள்ளும் நுழையும் என்பதுதான் அங்கே முட்டுக்கட்டை. அதைத் தாண்டாமல் மருந்து என்று பேசுவது அவசரம்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மேம்படுத்திய பி12 மாத்திரை எப்போது வரும்" என்று யாராவது கேட்டால், தயவுசெய்து அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடச் சொல்லுங்கள். உலோகம் மாறிய பி12 உடலுக்குள் போனால் செய்யக்கூடியது அசலின் இடத்தை அடைத்துக்கொள்வது மட்டுமே. மலிவாகச் செய்யலாமோ என்ற கேள்விக்கும் இடமில்லை: கோபால்ட் பி12-இன் எடையில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். செலவெல்லாம் வளையத்தில் இருக்கிறது. அந்த வளையத்தைப் பாக்டீரியா நொதித்தல் தொட்டிகளில் கோபால்ட்டோடு சேர்த்தே கட்டித் தருகிறது.

நடு அணுவை மாற்றியும் வைட்டமின் வைட்டமினாகவே இருந்த ஒரே ஒரு வழி உண்டு, நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். கோபால்ட்டுக்குப் பதில் கோபால்ட். பாக்டீரியாவைக் கதிரியக்கக் கோபால்ட்டில் வளர்த்தால், சாதாரணக் கோபால்ட்-59 இருக்க வேண்டிய இடத்தில் கோபால்ட்-57 உட்கார்ந்த பி12 கிடைக்கும். வேதியியலுக்கு இரண்டும் ஒன்றே. 1953-இல் ஷில்லிங் என்ற மருத்துவர் அமைத்த பரிசோதனையில் கதிரியக்கக் கோபால்ட் உள்ள பி12-ஐ விழுங்கக் கொடுத்து, கூடவே சாதாரணப் பி12-ஐ ஊசியில் பெருமளவு ஏற்றிவிடுவார்கள். சேமிப்பிடம் எல்லாம் நிரம்பிவிடுவதால், குடல் உறிஞ்சிய கதிரியக்கப் பி12 சிறுநீரில் வழிந்துவிடும். 24 மணி நேரச் சிறுநீரில் கதிர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் குடல் உறிஞ்சவில்லை என்று பொருள். அடுத்த முறை உள்ளார்ந்த காரணியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். எண்ணிக்கை ஏறினால், குறை வயிற்றில் சுரக்க வேண்டிய அந்தக் காரணியில்தான். இப்போது இந்தச் சோதனை வழக்கொழிந்துவிட்டது.